பென்னிகுயிக் படித்த கல்லூரி: கட்டடம் இல்லை, காகிதம் இருக்கிறது

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் படித்த கல்லூரியைப் பார்க்கலாம் என்று லண்டனுக்குத் தெற்கே குராய்டன் வரை போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அடிஸ்கோம்ப் என்ற பேர் இருக்கிறது, அந்தப் பேரில் டிராம் நிறுத்தம்கூட இருக்கிறது. அவுட்ரம் ரோடு, ஹேவ்லாக் ரோடு, கேனிங் ரோடு என்று கம்பெனிக் காலத்துப் பேர்களோடு தெருக்கள் இருக்கின்றன. கல்லூரிதான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1809-இல் அங்கிருந்த மாளிகையை வாங்கித் தன் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தயார் செய்யத் தொடங்கியது. 1861-இல் மூடினார்கள். நிலம் மனை போட்டு விற்பவர்கள் கைக்குப் போனது. 1863-இல் பெரும்பகுதியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். (டைனமைட் வைத்தார்கள் என்று சில இடங்களில் படிக்கக் கிடைக்கும். நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1867-இல்தான். எடுத்து எழுதுகிறவர்கள் ஆண்டைச் சரிபார்ப்பதில்லை என்பதற்கு இது ஒரு உதாரணம்.)

52 ஆண்டுகளில் சுமார் 3,600 பேர் அங்கே படித்தார்கள். முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், முல்லைப் பெரியாற்றின் ஜான் பென்னிகுயிக் இருவரும் அதில் அடக்கம். அந்த 3,600 பேரைப் பற்றி இன்று ஏதாவது தெரிகிறது என்றால், அது கல்லூரி அலமாரியில் இருந்த காகிதத்தால் அல்ல. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கம்பெனித் தலைமையகம் தன் தேவைக்கு வைத்திருந்த காகிதத்தால். யாருக்கு வேலை கொடுத்தோம், யார் சிபாரிசில் கொடுத்தோம், எந்தத் தேதியிலிருந்து சம்பளம், யாருக்கு யார் சீனியர், செத்தால் விதவைக்கு எவ்வளவு: பணமும் பதவியும் தொங்கிய காகிதங்கள் மட்டுமே பத்திரமாக நின்றன. வகுப்பறைக் குறிப்பு, சாப்பாட்டுக் கணக்கு, மாணவர்கள் போட்ட சண்டை எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி அலைச்சல் மிச்சம்.

அந்தக் காகிதங்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், செயின்ட் பாங்க்ராஸ் கட்டடத்தில், ‘இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற தொகுப்புக்குள் இருக்கின்றன. மொத்தத் தொகுப்பு அலமாரி நீளத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். 1982-இல் நூலகத்தின் பொறுப்புக்கு வந்தது. பட்டியலில் ‘அடிஸ்கோம்ப்’ என்று தட்டினால் மட்டும் போதாது. தொடர் எண் தெரிந்திருக்க வேண்டும்.

ராணுவத் துறையின் அடையாளம் எல்/மில். அதில் ஒன்பதாவது தொடரான எல்/மில்/9-தான் ஆள்சேர்ப்புக்கு உரியது. கேடட் (அதிகாரியாகத் தேர்வான பையன்) பேப்பர்கள், கேடட் பதிவேடுகள், அடிஸ்கோம்ப் மாணவர் பற்றிய பேரேடுகள் எல்லாம் அதற்குள். அடுத்த மூன்று எண்களும் மாகாணவாரியான பணிப் பதிவுகள்: 10 வங்காளம், 11 சென்னை, 12 பம்பாய். ஆக, நமக்குத் தெரிந்த ஆட்களுக்கு 9-இல் தொடங்கி 11-க்குப் போக வேண்டும். இங்கே ஒரு குழி உண்டு. ‘ஜே’ என்ற எழுத்தில் ‘காலேஜ்’ என்று ஒரு பெரிய தொகுப்பு வரும், அதிலும் மனுக்கள் இருக்கும், அதிலும் கம்பெனி இயக்குநர் பேர்கள் இருக்கும். அது ஹெய்லிபரி. கலெக்டர்களையும் நீதிபதிகளையும் தயார் செய்த சிவில் கல்லூரி. அடிஸ்கோம்புக்கு அதிகாரபூர்வமாகவே வெகுகாலம் ‘மிலிட்டரி செமினரி’ என்றுதான் பேர், காலேஜ் என்று மாறியது 1855-இல்தான். அதனால் ‘செமினரி’ என்ற சொல்லையும் போட்டுத் தேட வேண்டும். பாதிரிமார் பள்ளி என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய குழி இன்னொன்று. கம்பெனி ராணுவ அதிகாரி எல்லோரும் அடிஸ்கோம்பில் படித்தவர்கள் அல்ல. என்ஜினியர் படைக்கும் பீரங்கிப் படைக்கும் போகிறவர்களுக்குத்தான் அந்தப் படிப்பு கட்டாயம். காலாட்படை, குதிரைப்படை அதிகாரிகளில் பெரும்பாலோர் இயக்குநர் சிபாரிசோடு நேராகக் கப்பல் ஏறியவர்கள். அடிஸ்கோம்பிலேயே தேர்வில் முதல் வரிசையில் வந்தவர்கள் என்ஜினியர், அடுத்தவர்கள் பீரங்கி, மீதிப்பேர் காலாட்படை. ஆகவே ஒரு காலாட்படைக் கேப்டனின் பேர் அடிஸ்கோம்ப் பேரேட்டில் இல்லை என்றால் ஆவணம் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். அவருடைய மனு நேரடி கேடட் கட்டில் இருக்கும். வயது வரம்பே இரண்டுக்கும் வேறு. 1840-களின் விதிப்படி அடிஸ்கோம்பில் சேர 14 நிறைந்திருக்க வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. நேரடி கேடட்டுக்கு 16 முதல் 22 வரை. 1809-க்கு முன் பீரங்கிக்கும் என்ஜினியருக்கும் போன பையன்களைக் கம்பெனி உல்விச்சிலும் மார்லோவிலும் இருந்த அரசு ராணுவப் பள்ளிகளில் இடம்பிடித்துப் படிக்க வைத்தது. அவர்களையும் அடிஸ்கோம்பில் தேடிப் பயனில்லை.

ஒரு கேடட்டின் கட்டுக்குள் என்ன இருக்கும்?

முதல் தாள் மனு. அச்சிட்ட படிவத்தில் கையால் நிரப்பியது. எந்த இயக்குநர் நியமிக்கிறார், அவரிடம் பையனைச் சிபாரிசு செய்தது யார், பையனின் அப்பாவுக்கு என்ன தொழில், எங்கே குடியிருக்கிறார், பையன் எங்கே படித்தான் என்ற கேள்விகள். வம்சாவளி தேடுகிறவர்கள் அப்பா பேரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். வரலாறு எழுதுகிறவருக்கு ‘சிபாரிசு செய்தவர்’ என்ற ஒரு வரிதான் தங்கம். பத்து வருஷத்துக் கட்டுகளிலிருந்து அந்த வரியை மட்டும் எடுத்து அட்டவணை போட்டால், எந்தக் குடும்பம் எந்த இயக்குநரைப் பிடித்து எத்தனை பையன்களை இந்தியாவுக்கு அனுப்பியது என்று கண்முன் வந்து நிற்கும்.

அடுத்தது ஞானஸ்நானச் சான்று. தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல், பாதிரியாரின் கையெழுத்தோடு. வயதுக்கு ஆதாரம் அதுதான். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கும். சான்று இல்லாதவர்கள் சத்தியப் பத்திரம் கொடுத்திருப்பார்கள். அதில் சொன்ன வயதை அப்படியே நம்பக் கூடாது, ஏனென்றால் வரம்புக்குள் நுழைய வேண்டும் என்ற தேவை எழுதியவருக்கு இருந்தது. சான்றும் இருந்து பத்திரமும் இருந்தால் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உறுதிமொழி. நியமனத்துக்காகப் பணமோ பரிசோ கொடுக்கவில்லை என்று குடும்பத்தார் தரப்பிலும், வாங்கவில்லை என்று நியமித்தவர் தரப்பிலும். இந்தப் படிவம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் 1809. கம்பெனி வேலைகள் ரகசியமாக விலைக்குப் போகின்றன என்று நாடாளுமன்றக் குழு ஒன்று அந்த ஆண்டு விசாரித்து அம்பலப்படுத்தியது. அடிஸ்கோம்ப் தொடங்கியதும் அதே ஆண்டு. கல்லூரியின் முதல் கேடட்டிலிருந்தே நமக்கு இவ்வளவு விவரம் கிடைப்பதற்கு அந்த ஊழலுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் படிப்புச் சான்றுகள். சில கட்டுகளில் உடல்நலச் சான்றும் கடிதங்களும் சேரும்.

மனுத் தேதியை வைத்துக்கொண்டு பதவித் தேதியைக் கணக்கிட முயல்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சேர்ந்த தேதி, தேர்வு முடிந்து பதவி ஆணை பெற்ற தேதி, இந்தியாவில் இறங்கிய தேதி என மூன்று வேறு தேதிகள் உண்டு. காட்டன் 1803-இல் பிறந்தவர்; 15 வயதில் கல்லூரிக்குப் போனார், 1819-இல் மதராஸ் என்ஜினியர்ஸில் பதவி, சென்னைக்கு வந்தது 1821. பென்னிகுயிக் 1841-இல் பிறந்தவர். 1857-இல் சேர்ந்தார், பதவி ஆணை 1858 டிசம்பர் 10, இந்தியா வந்தது 1860. கட்டுரைகளில் ‘1858-இல் சென்னை வந்தார்’ என்றெல்லாம் வருவதற்குக் காரணம், பதவித் தேதியை வருகைத் தேதியாக எடுத்துக்கொள்வது. என்ஜினியர் கேடட்டுகள் அடிஸ்கோம்பை முடித்ததும் நேராகக் கப்பல் ஏறவில்லை; பிற்காலத்தில் சாத்தம் நகரில் களப்பயிற்சி முடித்த பிறகுதான் புறப்பட்டார்கள். நடுவில் உள்ள அந்த இடைவெளிக்கு அதுவே விடை. எந்த மாகாணம் என்பதும் சேரும்போது முடிவாவதில்லை, படிப்பின் முடிவில்தான். ஆகவே சேர்க்கைப் பதிவில் ‘மதராஸ்’ என்று தேடுவது வீண்வேலை.

கப்பல் பேர் தெரிய வேண்டுமா? 1834 வரை கம்பெனிக் கப்பல்களின் நாட்குறிப்புகள் எல்/மார்/பி தொடரில் இருக்கின்றன, பலவற்றில் பயணிகள் பட்டியல் உண்டு. அதற்குப் பிறகு சென்னைப் பத்திரிகைகளின் ‘வருகை’ பத்தியை நம்ப வேண்டியதுதான்.

அப்பாவும் மகனும் வேறு வேறு அலமாரியில்

பென்னிகுயிக் குடும்பம் ஒரு நல்ல பாடம். அப்பா பேரும் ஜான் பென்னிகுயிக். 1849 ஜனவரி 13, சிலியன்வாலாப் போரில் பிரிகேடியராக இருந்து செத்தார். அவருடைய இன்னொரு மகன் அலெக்சாண்டரும் அதே போரில் இறந்தான். இந்தியாவில் சண்டையிட்டு இந்தியாவில் செத்தவர் என்பதால் பலரும் இந்தியா ஆபீஸ் கட்டுகளில் அவரைத் தேடுவார்கள். கிடைக்காது. அவர் 24-ஆம் ரெஜிமெண்ட், அதாவது ராணியின் படை. கம்பெனிச் சம்பளம் வாங்கவில்லை. அவருடைய பணிப் பதிவு லண்டனின் இன்னொரு மூலையில், கியூ-வில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த்துறைத் தொகுப்பில் தேட வேண்டியது. அங்கே அதிகாரிகளின் பதிவுகள் டபிள்யூஓ/25, டபிள்யூஓ/76 என்ற தொடர்களில் வரும். அணை கட்டிய மகன் கம்பெனிக் கேடட். அவன் காகிதம் செயின்ட் பாங்க்ராஸில். இவன் பிறந்தது புனேயில். எனவே பிறப்புக்குத் தேட வேண்டியது பம்பாய் மாகாணத்து தேவாலயப் பதிவுகள், அதாவது என்/3. சென்னையில் வேலை பார்த்தார் என்பதற்காக என்/2-ஐப் புரட்டினால் கண்ணாடி தேய்ந்ததுதான் மிச்சம். என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய்: இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

பதவிக்கு வந்த பிறகான வாழ்க்கைக்கு, கட்டுக்குப் போகும் முன் அச்சுப் பட்டியல்களைப் பார்த்துவிட வேண்டும். ‘ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர்’ 1803 முதல் வெளிவந்தது. அதில் பலவற்றின் ஸ்கேன்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஆளை ஐந்தாண்டுக்கு ஒரு பிரதியில் பார்த்துக்கொண்டே வந்தால் பதவி உயர்வும், எப்போது விடுமுறையில் ஊர் போனார் என்பதும் தெரிந்துவிடும். 1834 வரையிலான அதிகாரிகளுக்கு டாட்வெல், மைல்ஸ் இருவரும் 1838-இல் அச்சிட்ட அகரவரிசைப் பட்டியல் மூன்று மாகாணங்களையும் தொடும், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வரிதான். வங்காளத்துக்கு ஹாட்சன் நான்கு தொகுதிகளில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார், அப்பா பேர், பள்ளி, கல்யாணம், சண்டைகள் வரை. சென்னைக்கு அப்படி ஒன்று கிடையாது. மதராஸ் படை அதிகாரிகளைப் பற்றி எழுதுவது ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்/மில்/11-இல் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தொகுக்க வேண்டும். கல்லூரியைப் பற்றி 1894-இல் கர்னல் வைபார்ட் எழுதிய பெரிய புத்தகம் உதவும். அவரே மதராஸ் என்ஜினியர்ஸ்காரர். ஆனால் பழைய மாணவர்களின் பெருமை பாடும் புத்தகம் அது, பதக்கம் வாங்கியவர்கள் நிறைய வருவார்கள், தேறாமல் வெளியேறியவர்கள் அநேகமாக வர மாட்டார்கள். தேறாதவர்களுக்கு எல்/மில்/9-தான் கதி.

ஓய்வூதிய நிதிகள் எல்/ஏஜி/23-இல். உயில்களும் செத்தவரின் சொத்துப் பட்டியல்களும் எல்/ஏஜி/34-இல். இந்தச் சொத்துப் பட்டியல்களை விட்டுவிட வேண்டாம். ஏலம் போன மேஜை, கணிதப் பெட்டி, புத்தகங்கள் வரை எழுதியிருப்பார்கள். கல்லூரியில் படித்த கணிதம் அதிகாரியின் கூடாரம்வரை வந்ததா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

சென்னைப் பக்கத்தில் எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ராணுவ நடவடிக்கைக் குறிப்புகள் 1752 முதல் அங்கே தொடர்ச்சியாக உள்ளன. லண்டனிலிருந்து வந்த கேடட் இங்கே பணியில் சேர்க்கப்பட்ட உத்தரவு, எந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள் என்பது, பிறகு மராமத்துத் துறைக்கு மாற்றியது எல்லாம் இந்தப் பக்கத்துக் காகிதம். 1832-இல் தொடங்கிய கோட்டை கெஜட்டிலும் நியமனங்கள் வரும். லண்டன் கட்டில் ஒரு பையன். எழும்பூர்க் கட்டில் அவனே லெப்டினன்ட். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. காரணம் எளிது: அங்கே போகிறவர்கள் குடும்ப வரலாற்றுக்காரர்கள், இங்கே வருகிறவர்கள் நீர்ப்பாசனம் தேடுகிறவர்கள்.

மேஜையில் உட்கார்ந்த பிறகு

நுழைவு அட்டை இலவசம்; அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். ஒட்டுமொத்தக் கட்டையும் அப்படியே விரித்துப் பிடிக்காமல் நுரை ஆப்பின்மேல் வைத்து, மணிகள் கோத்த கயிறு போன்ற எடையைப் போட்டுப் பக்கத்தை நிறுத்த வேண்டும். கேடட் பேப்பர்கள் முதலில் மடித்துக் கட்டப்பட்டவை, பிறகுதான் பைண்டு ஆனவை. அதனால் இரண்டு இடங்களில் சேதம்: மடிப்புக் கோட்டில் எழுத்து உதிர்ந்திருக்கும், தைத்த ஓரத்துக்குள் வரியின் கடைசி எழுத்துகள் மறைந்திருக்கும். ஓரத்தைப் பிரித்துப் பார்க்க முயன்றால் தையல் போய்விடும். கட்டைத் திருப்பி வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் பெரும்பாலும் படித்துவிடலாம். பழைய கந்தல்துணிக் காகிதம் இன்றும் திடமாக இருக்கிறது. இரும்பு கலந்த மை அழுத்தமாக விழுந்த இடங்களில் மட்டும் பழுப்பேறிக் காகிதத்தை அரித்திருக்கும், பெரிய கையெழுத்துகளில் குறிப்பாக. அப்படிப்பட்ட தாளை வளைக்கவே கூடாது.

எண்கள் இரண்டு வகை. பழைய மையில் எழுதிய பக்க எண் ஒன்று, பிற்காலத்தில் பென்சிலில் போட்ட தாள் எண் மற்றொன்று. மேற்கோள் காட்ட வேண்டியது பென்சில் தாள் எண்ணை, முன்பக்கமா பின்பக்கமா என்பதோடு. இதைக் கலந்து எழுதியதால் யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல் போன அடிக்குறிப்புகள் ஏராளம். படம் எடுக்கும்போது முதல் படம் எப்போதும் கட்டின் முதுகும் எண்ணும். பிறகு வெற்றுப் பக்கம் உட்பட வரிசையாக. பின்பக்கத்தில் இருக்கும் ‘நிறைவேற்றப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லும் தேதியும்தான் பல நேரம் மனுவைவிட முக்கியம்.

நேரில் போக முடியாதவர்களுக்கு: கேடட் பேப்பர்களில் பெரும்பகுதி பைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் ஸ்கேனாக இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாறு தேடுகிறவர்களுக்கான எஃப்ஐபிஐஎஸ் அமைப்பின் இலவசத் தேடுபொறியில் பேர்ப் பட்டியல்கள் உண்டு. பேரின் எழுத்து மாறும் என்பதை மறக்காதீர்கள். பென்னிகுயிக் என்ற பேரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள், அத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள். 2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகக் கணினிகள் தாக்கப்பட்டு அட்டவணைகள் மாதக்கணக்கில் முடங்கின. அப்போது கைகொடுத்தது கியூ காப்பகத்தின் ‘டிஸ்கவரி’ தளம்: எல்/மில் தொடர்களின் விவரங்களில் ஒரு பழைய நகல் அதில் இருக்கிறது. தொடர் எண்களை அங்கிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது இப்போதும் நல்ல பழக்கம்.

தேனிப் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணை கட்டினாரா? கேடட் கட்டில் அதற்குப் பதில் இருக்காது, எவ்வளவு ஆர்வமாகப் புரட்டினாலும். அந்தக் கேள்விக்குரிய காகிதம் வேறு: அணைக்காகத் திருவிதாங்கூரோடு செய்த 1886 குத்தகை ஒப்பந்தத்துக்குப் பிந்தைய மதராஸ் பொதுப்பணித் துறை நடவடிக்கைகள், அதில் வரும் மதிப்பீடுகள், ஒப்புதல்கள், செலவுக் கணக்கு. எழும்பூரிலும் லண்டனிலும் அவற்றின் தொகுதிகள் உண்டு. விற்றார் என்று சொல்பவர்கள் அந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

பென்னிகுயிக்கின் பேர் கல்லூரிக் காகிதங்களில் இன்னொரு முறையும் வரும், இந்தமுறை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. 1896 முதல் 1899 வரை அவர் கூப்பர்ஸ் ஹில் இந்திய என்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவர். அந்தக் கல்லூரியும் 1906-இல் மூடப்பட்டது. அதன் ஆவணங்கள் எல்/பிடபிள்யூடி/8-இல்.